பூசத்துக்கு முந்தின நாள், 216 கிலோமீட்டர்

29.11.2025: 216 கி.மீ., 13 மணி 22 நிமிடம்.
15.12.2025: இரண்டாம் விண்ணப்பம், கட்டணம் ரூ. 1,200.
31.01.2026: 216 கி.மீ., அனுமதி 13 மணி நேரம்.
12.05.2026: வயது 50 நிறைவு.

ரோசலினின் அந்தக் குளிர்காலம் இந்த நான்கு வரிகளுக்குள் அடங்கும். திண்டுக்கல்லில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் ஊசி போட்டு ரத்தம் எடுப்பவள். வேலைக்குப் போவதும் வருவதும் சைக்கிளில். கோவையிலுள்ள ஒரு மிதிவண்டிச் சங்கம் டிசம்பரில் நடத்தும் நான்கு நாள் மலைப் பயணத்துக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு முதலில் ஒரு தகுதிப் பயணம் முடிக்க வேண்டும். பாதையையும் நாளையும் அவரவரே திட்டமிட்டு எழுதிக் கொடுக்கலாம். கொடுத்த பின் மாற்ற முடியாது. வழியில் எழுதிக் கொடுத்த கடைகளில் பயண அட்டையில் நேரத்தோடு முத்திரை வாங்க வேண்டும். வாய்ப்பு இரண்டே முறை. ஐம்பது தாண்டினால் அதுவும் கிடையாது.

அவள் எழுதிய பாதை: காலை நான்கு மணிக்குத் திண்டுக்கல், வத்தலக்குண்டு, கொடைக்கானல், பழனி, ஒட்டன்சத்திரம், மறுபடி திண்டுக்கல். நவம்பரில் மலையிறக்கத்தில் பனிமூட்டம் பிடித்துக்கொண்டது. 22 நிமிடத்தில் ஒரு வாய்ப்பு போயிற்று. ஜனவரிக் கடைசியில் மூட்டம் குறையும் என்று பார்த்து 31 சனிக்கிழமையைக் குறித்தாள்.

12.01.2026, காலை ஏழரை. ஆத்தூரிலிருந்து சர்க்கரை பார்க்க வந்த அய்யம்மாள் கையை நீட்டினாள். பூ விவசாயம் செய்கிறவள். கழுத்தில் துளசி மாலை.

"என்னக்கா, பழனிக்கு இப்பவே மாலையா? இன்னும் ஒரு மாசம் கெடக்கே?"

"ஒரு மாசமா? பிப்ரவரி ஒண்ணு பூசம் தாயி. நாங்க இருபத்தெட்டாந் தேதி நடக்க ஆரம்பிச்சிருவோம்."

ரோசலினுக்குக் கையிலிருந்த ஊசி ஒரு கணம் அசையாமல் நின்றது. அவள் வீட்டில் தொங்குவது பங்குக் கோயில் நாட்காட்டி. பிப்ரவரி ஒன்றில் அதில் ஞாயிறு என்பதைத் தவிர ஒன்றுமில்லை. போன வருடம் பூசம் பதினொன்றாம் தேதி வந்தது. இந்த வருடமும் அப்படித்தான் என்று இருந்துவிட்டாள்.

"போன வருஷம் பதினொண்ணுதானக்கா?"

"நல்லா இருக்கே! உங்க ஈஸ்டரு மட்டும் வருஷா வருஷம் ஒரே தேதியிலயா வருது?"

பூசத்துக்கு முந்தின நாள் ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி வரை சாலை முழுக்கத் தலைகள்தான். அவள் வருவதோ எதிர்த்திசையில். ரோசலின் விஷயத்தைச் சொன்னாள். அய்யம்மாள் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். இருபத்திரண்டு வருடம் நடந்தவள்.

"வெயில்ல எவன் நடப்பான்? பத்து மணிக்கு மரத்தடியில ஒதுங்கிருவோம். ரெண்டரை மூணுக்குத்தான் எந்திரிப்போம். கடைசி நாளு ஒட்டன்சத்திரத்துக்கு இங்கிட்டு ஆளே இருக்காது. நாங்க படுத்திருக்கிறப்ப ஓடிரு."

அன்று மாலை ரோசலினும் கணவன் பவுல்ராஜும் தாளோடு உட்கார்ந்தார்கள். சனம் எழுமுன் ஒட்டன்சத்திரத்தைக் கடக்க, பழனிக்கு 2:05 என்று போட்டிருந்த கணக்கு 1:00 ஆக வேண்டும். மலையேற்றத்தில் வேகம் கூட்ட அவளால் ஆகாது. நவம்பரில் பழனி வரை நின்ற நேரங்களைக் கூட்டினார்கள்: 18, 20, 33, 15. மொத்தம் 86 நிமிடம். அதில் 65ஐ எடுத்துவிட்டால் மீதி 21. உட்கார்ந்து சாப்பாடு கிடையாது. இட்லியை உருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும்.

"பேசாம நீயும் மாலை போட்டுக்க. வழி விடுவாங்க" என்றார் பவுல்ராஜ்.

"செத்த நேரம் வாய மூடுறீங்களா? கூட்டல் தப்பாகுது."

31ஆம் தேதி வத்தலக்குண்டு 5:41. கொடைக்கானலை விட்டது 10:48. மூட்டம் இல்லை. பழனி 1:14. பதினான்கு நிமிடம் பின்தங்கல். முத்திரை வாங்குவதாக எழுதியிருந்த டீக்கடை பூட்டிக் கிடந்தது. வாசலை மறித்து அன்னதானப் பந்தல். முத்திரை இல்லாமல் போனால் மலையேறியதே வீண். பக்கத்துக் கடைகள் இரண்டிலும் முத்திரை இல்லை. திரும்பி வந்து பந்தலுக்குள் நுழைந்தாள். நன்கொடைச் சீட்டு போட்டுக்கொண்டிருந்த மணிமாறன் என்ற இளைஞனிடம் சீல் இருந்தது.

"சாப்டாதவங்களுக்கு சீல் கெடையாதுங்க்கா."

"தம்பி, ஒவ்வொரு நிமிசமும் கணக்கு."

"ரெண்டு வாய்ங்க்கா. நின்னுக்கிட்டே."

தின்றாள். சீல் விழுந்தது, நேரமும் கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் எழுதிக் கொடுத்தான். கிளம்பியபோது 1:31.

புளியமரங்களின் கீழ் சனம் துண்டைப் போர்த்திப் படுத்திருந்தது. சாலை வெறிச்சோடிக் கிடந்தது. அவள் மிதித்தாள்; கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. ஒட்டன்சத்திரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கையில், 2:50க்கு, எங்கோ மேளம் ஒலித்தது. மரத்தடிகள் எழுந்து உட்கார்ந்தன. ஐந்து நிமிடத்தில் சாலை காவிக் கடலாயிற்று. இறங்கி ஓரமாகத் தள்ளினாள். காவடி ஒன்று தோளில் இடித்தது. "பாத்து தாயி, பாத்து" என்றது ஒரு குரல். பதினேழு நிமிடம் போயிற்று.

ஒட்டன்சத்திரம் 3:13. மீதி 31 கிலோமீட்டர், 107 நிமிடம். அய்யம்மாள் சொன்னபடியே அங்கிட்டு ஆளில்லை. எதிர்க்காற்று மட்டும் இருந்தது. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே பவுல்ராஜ் கைபேசியை உயர்த்திப் பிடித்து நின்றார்: 4:51. ஒன்பது நிமிடம் மிச்சம். அவள் சைக்கிளை விட்டு இறங்க முடியாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் பழனி முத்திரை அவள் விண்ணப்பத்தில் எழுதிக்கொடுத்த கடையினுடையது அல்ல. அட்டையைச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டு, தினமும் மதியம் தபால்காரர் தெருவைக் கடக்கும் வரை அவள் வாசலில் காத்திருந்தாள். முதல் கடிதம் 09.02.2026 அன்று வந்தது: முத்திரை பற்றி விளக்கம் தேவை. அன்றே எழுதிப் போட்டாள். அடுத்ததில் நான்கே வரி. அட்டையில் எழுதியிருந்த பந்தல் எண்ணில் பேசியதாகவும், மணிமாறன் என்பவர் நேரத்தை உறுதி செய்ததாகவும், பயணம் ஏற்கப்பட்டதாகவும், டிசம்பரில் அவள் எண் 37 என்றும் இருந்தது. அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 16.02.2026, திங்கட்கிழமை.