அளக்க வந்தவர்கள்

டேப்பும் கையுமாக யாராவது அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தால் என் வேலை போகப்போகிறது என்று அர்த்தம். பத்தொன்பது வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது ஐம்பதாகிறது. இதற்குள் கட்டடம் நான்கு பிழைப்பு பார்த்துவிட்டது, கூடவே நானும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கிற பழைய ரைஸ் மில் அது. நெல் மூட்டைக்குச் சீட்டு எழுதத்தான் போனேன். மில் நின்று பிளைவுட் குடோன் ஆனதும், ஆள் வேண்டாமா என்று நானே போய்க் கேட்டேன். குடோன் காலியாகி ஜவுளிக்கடை வந்தது. நெல் ஊறிய தொட்டியை மூடி, அதற்கு மேலே சேலை செக்‌ஷன் வைத்தார்கள். அங்கேயும் போய் நின்றேன். இப்போது கல்யாண மண்டபம். பாய்லர் இருந்த இடத்தில் சாம்பார் கொதிக்கிறது, நெல் காய்ந்த களத்தில் கார் நிற்கிறது, நான் சாவிக்கொத்தோடு அலைகிறேன். பாசம் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். அந்தக் கட்டடத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல். வெளியே வேலை தேடித் தேடி அலுத்துப்போய்த்தான் ஒவ்வொரு தடவையும் அங்கேயே போய் நின்றேன்.

இந்தச் சாரல் சீசனில் மறுபடி டேப் வந்தது. முதலாளி மண்டபத்தை விற்கப்போகிறார், வாங்குகிறவர்கள் லாட்ஜ் நடத்தப்போகிறார்கள் என்று சமையல்காரர் சொன்னார். அன்றைக்கு என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. துடைத்த நாற்காலியையே திரும்பத் துடைத்தேன். லாட்ஜில் இங்கிலீஷ் பேசிச் சிரிக்கிற சின்னப் பெண்ணைத்தான் வைப்பார்கள். எனக்கு இங்கிலீஷும் வராது, சிரிப்பும் சட்டென்று வராது. வீட்டிலோ என் ஒரு சம்பளம்தான்.

மேற்குச் சுவர் ஓதம் காக்கும். சாரல் அடித்தால் உள்பக்கமே தண்ணீர் வழியும். அதை மறைக்கத்தான் அந்தப் பக்கம் முழுக்க ஜிகினாத் துணி தொங்கவிட்டிருந்தோம். விற்கிற வரைக்கும் வாயைத் திறக்காதே என்று முதலாளி சொல்லியிருந்தார். நான் திறக்கிறதாக முடிவு செய்தேன். விஷயம் தெரிந்தால் வாங்க வந்தவர்கள் ஓடிவிடுவார்கள் என்று நம்பினேன்.

அளக்க வந்த இன்ஜினீயர் தனியாக நின்ற நேரம் பார்த்துத் துணியைத் தூக்கிக் காட்டினேன்.

"தம்பி, இங்கன பாருங்க. சாரல் நேரம் பூரா ஒழுவும். உங்க ஓனர்ட்ட சொல்லிருங்க."

அவர் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "ஒழுவுனா ஒழுவட்டும்க்கா. எப்படியும் இடிச்சிட்டுத்தான் கட்டப் போறோம். சீசன் முடியட்டும்னு பாக்கோம்," என்றார்.

முதலாளிக்குத் துரோகம் செய்ததுதான் மிச்சம். வெட்கமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது. சாவியை மேஜையில் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தேன். கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். இன்ஜினீயர் காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

"இடிக்க வார ஆளுவள மேப்பார்வ பாக்க ஒரு ஆளு வேணும்லா, தம்பி?"