ஒய்.பி. ஐயாவின் மரக்கால்

பிள்ளைகளா, பினாங்கு சூலியா தெருவில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன். மழை பிடித்துக்கொள்கிறது. உடனே எல்லாரும் காலைத் தூக்கி நாற்காலிமேல் மடக்கிக்கொள்கிறார்கள். மழை பெய்தால் கடைக்குள் தண்ணீர் வருமாம். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு மடக்கிக்கொள்கிறேன்.

என் எதிரே இருக்கும் பெரியவர் மட்டும் அசையவில்லை. போரில் ஒரு காலைக் கொடுத்துவிட்டு மரக்காலோடு திரும்பியவர். பிறகு ஒரே ஒரு தவணை சட்டமன்ற உறுப்பினர். இங்கே சட்டமன்ற உறுப்பினரை 'மாண்புமிகு' என்பதுபோல ஒய்.பி. என்று அழைப்பார்கள்; பதவி போனாலும் அந்தப் பட்டம் போகாது. சட்டமன்றத்தில் அவர் சண்டை போட்டு வாங்கியது இந்தத் தெருச் சாக்கடை ஒன்றுதான். அதுதான் அவர் பெருமை.

"காலத் தூக்குங்க லா, ஒய்.பி.! உங்க சாக்கடை பொங்குது!" என்று கடைக்காரர் கத்துகிறார்.

"குண்டு விழுந்தப்பவே நான் ஓடல தம்பி. சாக்கடைக்கா காலத் தூக்குவேன்? நீ குழம்ப ஊத்து."

தண்ணீர் படியைத் தாண்டி எங்கள் மேசைக்கடியில் வந்துவிட்டது.

"இப்ப என்ன சொல்றீங்க?"

"எனக்கு ஒண்ணும் நனையலியே!"

குனிந்து பார்க்கிறேன். மரக்கால் தண்ணீரில் நிற்கிறது. நல்ல கால் மேசையின் குறுக்குக் கட்டைமேல் பத்திரமாக இருக்கிறது.

"வெளியூர் அண்ணே, நீங்க சொல்லுங்க. தண்ணி வந்துச்சா, இல்லையா?" என்று கடைக்காரர் என் பக்கம் திரும்புகிறார்.

கடையே என்னைப் பார்க்கிறது. பெரியவர் சோறு பிசைவதை நிறுத்திவிட்டார். பொய் சொல்லாதீர்கள் என்று உங்களிடம் தினமும் சொல்கிறவன் நான்.

"தரை காஞ்சுதான் இருக்கு" என்கிறேன்.

என் ரப்பர்ச் செருப்பு இரண்டும் அடுப்பங்கரைப் பக்கம் மிதந்து போகின்றன.