ஏரியில் விழுந்த மூன்று தாள்கள்

எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவனே. போன வருஷம் அரியலூர் ரேஷன் ஆபீஸில் குமாஸ்தா வேலைக்கு மனு எழுதியபோது எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

“கெணறு வத்திப்போனத எழுதுடா,” என்றார் அப்பா.

“தங்கச்சி கல்யாணம் நிக்கிறதையும் எழுதுப்பா,” என்றாள் அம்மா.

நான்கு தாள் ஆயிற்று.

மனு வாங்கும் கடைசி நாளன்று நடந்தே கிளம்பினேன். பருத்திக் காடெல்லாம் வெடித்து வெள்ளையாய்க் கிடந்தது. ஏரிக்கரையில் சற்று உட்கார்ந்தவன், எனக்கென்று ஒரு மேஜை, நாற்காலி என்று கனவில் மிதந்துபோனேன். காற்று தாள்களை அள்ளியது. மூன்று தண்ணீரில் விழ, மை நீலப் புகையாய்க் கரைந்தது. பெயர், வயது, பரீட்சை தேறிய விவரம் உள்ள முதல் தாள் மட்டும் கையில் நின்றது. திரும்ப எழுத நேரமில்லை. அதன் அடியிலேயே கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

வேலை கிடைத்தது. தலைமைக் குமாஸ்தா சிரித்தார்: “மத்த மனுவெல்லாம் ஒரே அழுகை தம்பி. என்ன படிச்சிருக்கான்னு தேடுறதுக்குள்ள கண்ணு பூத்துடுச்சு. உன்னோடதுதான் கேட்டத மட்டும் சொல்லிச்சு.”

இப்போது ஊரார் மனு எழுதச் சொன்னால், கிணற்றையும் கல்யாணத்தையும் முழுக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால், முதல் தாளோடு பேனாவை மூடிவிடுகிறேன்.