பதினேழாவது கட்டம்

கிணற்று மோட்டாரில் என்ன கோளாறு என்று காதை வைத்தே சொல்லிவிடுவேன். பேரிங் தேய்ந்திருக்கிறதா, தண்ணீரில்லாமல் காற்றை இழுக்கிறதா என்று பத்தடி தள்ளி நின்றாலும் தெரிந்துவிடும். அதுதான் என் தொழில். அப்பேர்ப்பட்ட காது போன வருஷம் ஒரு கணக்கு டீச்சர் வீட்டு மாடியில் என்னைக் கைவிட்டது.

மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபோது விட்டுப்போன கிதாரை நாற்பத்து மூன்று வயதில் நான் கையில் எடுத்தேன். அவளுக்குக் கிதார் சொல்லிக்கொடுத்த அந்தக் கணக்கு டீச்சரிடமே போய், எனக்கும் வருமா என்று கேட்டேன். என் கையைப் பார்த்துவிட்டு, "வெரலு ஏற்கெனவே காய்ச்சுப் போயிருக்கு. பாதி வேல முடிஞ்சிருச்சுண்ணே, வாங்க" என்றார்.

இரண்டு வருஷத்தில் நாங்கள் நான்கு பேர் ஞாயிறு மத்தியானம் சேர்ந்து கிதார் வாசிக்கிற குழுவாகிவிட்டோம். டீச்சர், நான், தோல் வியாபாரம் செய்கிற பாய், ஆஸ்பத்திரி வேலை முடித்து யூனிஃபார்மோடு வரும் ஒரு நர்ஸ். டியூஷன் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வட்டமாக உட்காருவோம்.

டீச்சருடைய பள்ளி ஆண்டு விழாவுக்காக அவரே ஒரு மெட்டு எழுதினார். ஆளுக்கொரு விதமாக நான்கு பகுதி. நோட்டில் கட்டம் கட்டமாகப் போட்டு, கட்டத்துக்கு நாலு எண்ணிக்கை. பதினாறு கட்டம் சுகமாகப் போகும். பதினேழாவதில் ஏதோ ஒன்று உரசும். முந்துகிறதா, சுரம் தவறுகிறதா என்பதுகூடப் பிடிபடவில்லை. டீச்சர் கையைத் தூக்கி நிறுத்துவார். "யாரோ ஒருத்தர் மாறுறீங்க" என்பார். நான்கு பேரும் அவரவர் விரலைக் குனிந்து பார்ப்போம்.

முதலில் நான் பாயைத்தான் சந்தேகப்பட்டேன். அவர் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம் நர்ஸை. ஐந்தாறு வாரம் இப்படியே போனது.

ஒரு ஞாயிறு காலை வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். முடித்துவிட்டு டீச்சர் வீட்டுக்கு வர முக்கால் மணி நேரம் தாமதம். மாடிப்படியில் ஏறும்போதே மூன்று பேரும் வாசிப்பது கேட்டது. பதினேழாவது கட்டம் வருவதற்கு முன் நின்றுவிட்டேன். அது வந்தது, உரசாமல் போனது. ஒருமுறை இல்லை, இரண்டு முறை.

அப்படியானால் நான்தான். படியிலேயே செத்த நேரம் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் தனியாக வாசிக்கும்போது என் பகுதி சரியாகத்தானே இருக்கிறது? குழப்பத்தோடே உள்ளே போனேன்.

அன்று அந்த இடம் வந்ததும் விரலை மட்டும் அசைத்தேன், கம்பியைத் தொடவில்லை. உரசல் இல்லை. டீச்சர் முகம் மலர்ந்தது. "இன்னைக்குச் சரியா வந்துருச்சு. ஆனா என்னமோ மெலிசா இருக்கே" என்றார்.

மறைக்க மனம் வரவில்லை. "டீச்சர், அந்த எடத்துல நான் வாசிக்கல. படியில ஏறுறப்பக் கேட்டேன், நான் இல்லாதப்ப ரெண்டு தடவையும் உரசல. தப்பு என் மேலதான்" என்றேன்.

பாய் நிமிர்ந்தார். "என்னண்ணே சொல்றீங்க? நான்தான் தப்புன்னு இன்னைக்கு வந்ததுலருந்து அந்த எடத்துல நான்ல வாசிக்காம இருக்கேன்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா. "அப்ப நீங்க படியில நின்னு கேட்டப்ப நீங்களும் வாசிக்கல, பாயும் வாசிக்கல. யாரு தப்புன்னு எப்படிச் சொல்றது?" என்று சாக்பீஸை எடுத்துவிட்டார்.

முதலில் நானும் டீச்சரும் மட்டும் வாசித்தோம். சரியாக இருந்தது. டீச்சரும் பாயும், அப்புறம் நர்ஸோடு ஒவ்வொருவராக வாசித்துப் பார்த்தோம், சரி. பாயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து வாசித்தோம், அதுவும் சரி. நான்கு பேரும் சேர்ந்தோம். உரசியது. டீச்சர் போர்டில் நான்கு பகுதியையும் எழுதி, நெடுநேரம் பார்த்துவிட்டு, "எழுதுறப்ப எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு" என்றார். குரல் இறங்கியிருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, பாய்மேலும் ஒரு மாதிரி பாசம் வந்தது. அந்த மனுஷனை எத்தனை வாரம் மனசுக்குள் திட்டியிருப்பேன்.

நர்ஸ்தான் சொன்னாள்: "மாத்த வேணாம் டீச்சர். எல்லாரும் வாசிப்போம். வர்றது வரட்டும்."

விழாவில் வாசித்தோம். பதினேழாவது கட்டத்தில் நான் கம்பியை அழுத்தித்தான் மீட்டினேன். பாய் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். உரசியதா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. கைதட்டினார்கள். இறங்கியதும் நர்ஸ், "சுத்தமா வந்துச்சுண்ணா" என்றாள். பாய், "லேசா இடிச்சுச்சு, ஆனா அழகா இருந்துச்சு" என்றார். டீச்சரைக் கேட்டேன்.

"எனக்குப் பதட்டத்துல காதே அடைச்சுக்கிருச்சுண்ணே" என்றார்.

அடுத்த ஞாயிறு போனபோது போர்டில் எழுதியது அப்படியே இருந்தது. அதை அழிக்காமல், பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் டீச்சர் புது மெட்டு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்.