நான் மீசை வைத்துவிட்ட பெண்

தொண்ணூறுகளின் நடுவில், இரண்டு குளிர்காலம் முழுக்க நான் வனிலா மணத்தோடு திரிந்தேன். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மெழுகுதிரிக் கொம்பனியில் வேலை. வாசனை மெழுகுதிரிகளைக் கண்ணாடிக் குவளைகளோடு பெட்டியில் அடுக்கி ஒட்டுவோம். எத்தனை தரம் குளித்தாலும் அந்த மணம் போகாது. பக்கத்தில் மல்வேர்ன் பகுதியில் அண்ணன் வீட்டில் இருந்தேன். நான் கதவைத் திறந்ததும் அண்ணி, "கேக் வந்திட்டுது" என்று பகிடி பண்ணுவார்.

என்னோடு வேலை செய்த அவளும் மல்வேர்ன்தான். எங்கள் கட்டடத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி, தன் சித்தியோடு இருந்தாள். காலையில் ஒரே பஸ், பகலில் ஒரே லைன், பின்னேரம் திரும்பவும் ஒரே பஸ். நாலரைக்கே இருட்டிவிடும். பனி கொட்டுகிற நாட்களில் பஸ் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. தெருவிளக்குகள்தான் ஒவ்வொன்றாக எழும்பி எங்களைக் கடந்து போகும். கண்ணாடியெல்லாம் பனிப்புகார் படிந்திருக்கும். காலடியில் ஹீற்றர் சூடாக ஊதும். அவள் தலை தூக்கத்தில் சரிந்து என் தோளில் வந்து தங்கும். அந்தத் தலையின் பாரத்துக்காகவே நான் காலையில் எழும்பி வேலைக்குப் போனேன். சுற்றி வளைக்காமல் சொன்னால், பெண்ணாகிய நான் அந்தப் பெண்ணைக் காதலித்தேன். அதைச் சொல்லத்தான் வாயில்லை.

அந்த நாட்களில்தான் லைபிரறியில் அந்த நாவல் அகப்பட்டது. அட்டையில் இரண்டு பெண்கள் ஒரு படகின் விளிம்பில் தோள் உரச இருந்தார்கள். அதை இரண்டு சமையல் புத்தகங்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு போனேன். கவுண்டரில் நின்றவர் கழுத்தில் முத்துமாலை போட்டிருந்தார். தாடையில் சவரம் செய்த பச்சை. ஆணா பெண்ணா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் அவரைப் பார்த்து முழிக்க, அவர் பாட்டுக்குச் சமையல் புத்தகங்களை ஒதுக்கிவிட்டு நாவலைத் தட்டிக் காட்டினார். "நல்ல புத்தகம். பயப்படாதீர்கள், கடைசியில் சேர்ந்துவிடுவார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்து அகப்பட்ட ஆள் மாதிரி எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவருக்கோ அது இன்னொரு புத்தகம், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் தமிழ்ப் பேப்பர் ஒன்றைக் கிழித்து அட்டைக்கு உறை போட்டேன். அப்படியும் பஸ்ஸில் அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"என்ன வாசிக்கிறீர்?"

"ஒரு காதல் கதை."

"சொல்லுமன் கேப்பம். எனக்கு உந்த இங்கிலிஷ் வாசிச்சு விளங்காது."

அப்போது அவள் சனிக்கிழமைகளில் ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். கதை ஒரு துறைமுக ஊரில் நடப்பது. ஒருத்தி நேர்ஸ். மற்றவள் படகு எஞ்சின் திருத்துபவள். நேர்ஸைப் பற்றி ஒழுங்காகச் சொன்னேன். பிறகு எஞ்சின்காரி வந்தாள். அந்த இடத்திலேயே அவளை ஆணாக்கிவிட்டேன். அதோடு விட்டேனா? சந்தேகம் வரக்கூடாதென்று மெல்லிய மீசை ஒன்றையும் வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து பின்னேர பஸ்ஸில் நாளுக்கொரு அத்தியாயம். கடற்பறவைகளும் டீசல் மணமும் எங்கள் பஸ்ஸுக்குள் வந்தன. வெளியில் பனி கொட்ட, நாங்கள் இருவரும் ஏதோ ஒரு படகில் போய்க்கொண்டிருந்தோம். ஆனால் ஒரு பெண்ணை ஆணாகவே வைத்துக் காப்பாற்றுவது லேசான வேலையில்லை.

"உவன் ஏன் அவளின்ரை பிளவுஸைப் போட்டுக்கொண்டு போறான்?" என்று கேட்டாள் ஒருநாள்.

"குளிருக்கு" என்றேன்.

இன்னொரு நாள் களைப்பில் என் பாட்டில் சொல்லிக்கொண்டு போனதில், அவனுக்கு மாதா மாதம் வருகிற வயிற்றுவலி வந்துவிட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"காஸ்ரிக்" என்றேன். "அவனுக்கு மாதம் ஒருக்கா காஸ்ரிக் வரும்."

"பாவம்" என்றாள் அவள். வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். தடிமன் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். நான் அவ்வளவு மடைச்சி.

தை மாதக் கடைசியில் அவளுக்குச் சுவிஸிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. குறிப்புப் பார்த்துப் பொருந்திவிட்டது. சித்திக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் ஓமோ இல்லையோ என்று பதில் சொல்லவேண்டும். பஸ்ஸில் கைப்பையைத் திறந்து மாப்பிள்ளையின் படத்தைக் காட்டினாள்.

"எப்பிடி இருக்கிறார்?"

"நல்லாத்தான் இருக்கிறார்."

உண்மையிலேயே நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அதுதான் பிரச்சினை. அவருக்கு உண்மையான மீசையும் இருந்தது.

அந்தக் கிழமை முழுக்க நான் பெட்டிகளைத் தலைகீழாக ஒட்டினேன். மனதில் இருப்பதைச் சொன்னால் அவள் எழும்பி வேறு ஆசனத்துக்குப் போய்விடுவாளோ என்று பயம். சொல்லாவிட்டால் ஒரேயடியாகச் சுவிஸுக்கே போய்விடுவாள். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. கடைசி அத்தியாயமும் வந்து சேர்ந்தது.

புத்தகத்தில் அந்த இருவரும் சண்டை பிடித்துப் பிரிந்து, கடைசியில் இறங்குதுறையில் ஒருவரையொருவர் கண்டு சேர்ந்துவிடுகிறார்கள். நான் சேர்க்கவில்லை. நேர்ஸுக்கு வேறிடத்தில் கலியாணம் பேசவைத்தேன். மீசைக்காரன், "எங்கை இருந்தாலும் நல்லா இருக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறிப் போனான். தியாகம் செய்தால்தான் காதல் என்று தொடர்கதைகள் வாசித்து ஊறிப்போன புத்தி. அவளுக்கு வழிவிடுகிறேன் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

அவள் கையுறையால் கண்ணாடியைத் துடைத்தாள். வெளியில் பார்க்க ஒன்றுமே இல்லை, வெள்ளை மட்டும்தான்.

"உப்பிடியே முடியுது?"

"ஓம்."

"பொய். நேற்று உம்மை மற்ற லைனுக்கு மாத்தினவங்கள் எல்லே? அப்ப உம்மடை பையிலையிருந்து புத்தகத்தை எடுத்தனான். டிக்ஷனறியை வைச்சுக்கொண்டு சாப்பாட்டு நேரம் முழுக்க கடைசிப் பக்கத்தை வாசிச்சனான். அவையள் சேருகினம். ரெண்டு பேரும் பொம்பிளையள்."

பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடலாமா என்று பார்த்தேன்.

"அவனுக்குக் காஸ்ரிக் வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும், அவன் பொம்பிளை எண்டு" என்றாள். இப்போது அவள் சிரிக்கவில்லை, கண்கள் கலங்கியிருந்தன. "எனக்கு விளங்காதது ஒண்டுதான். நீ ஏன் அவையளைப் பிரிச்சனி?"

"நீ போகப்போறாய் எண்டு நினைச்சன்."

"போகாதை எண்டு நீ ஒருநாளும் சொல்லேல்லையே."

"போகாதை" என்றேன். பிறகு அழுகைதான் வந்தது. அவள் என் கையை எடுத்துத் தன் கோட் பைக்குள் வைத்துக்கொண்டாள். நாங்கள் இறங்கவேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது. பஸ் கடைசித் தரிப்பில் நின்று, ட்ரைவர் திரும்பிப் பார்க்கும்வரை அப்படியே இருந்தோம். திரும்பி நடந்தபோது பனி முழங்கால் வரை இருந்தது. எனக்குக் குளிரவேயில்லை.

மறுநாள் வகுப்பு முடிந்து ரெலிபோன் எடுத்தாள்.

"சுவிஸ் வேண்டாம் எண்டு சித்தியிட்டை சொல்லிப்போட்டன். எனக்கு இஞ்சை ஒரு ஆளைப் பிடிச்சிருக்கு எண்டும் சொல்லிப்போட்டன்."

"ஐயோ. சித்தி என்ன சொன்னவா?"

"கத்தினா. பிறகு இருந்து கேள்வி கேட்டா. எந்த ஊர், ஆற்றை ஆக்கள், சைவமோ வேதக்காரரோ, இமிகிரேசன் பேப்பர் கிடைச்சிட்டுதோ, குடி இருக்கோ? நானும் உள்ளதை உள்ளபடி சொன்னன். பக்கத்து ஊர், சைவம், பேப்பர் இருக்கு, வேலை இருக்கு, குடி இல்லை."

"அவ்வளவுந்தானோ?"

"எல்லாம் கேட்டவா, ஒண்டை மட்டும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பன்." குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு நாலு மணிக்குத் தேத்தண்ணிக்குக் கூட்டிக்கொண்டு வரட்டாம். வருவியே?"

ஞாயிற்றுக்கிழமை, இருப்பதில் நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பெட்டி கேக்கோடு ஏழாம் மாடியில் இறங்கினேன். வராந்தா முழுக்க வடை பொரிக்கிற மணம். மணியை அமத்தினேன். சித்தி பட்டுச்சேலையில் கதவைத் திறந்தார்.

"வாரும் பிள்ளை, நீரும் வந்தது நல்லதாப் போச்சு" என்றார். பிறகு, வாசல்படி தாண்டிய என் தோளுக்கு மேலால் எட்டி லிப்ற் பக்கம் பார்த்தார். "எங்கை அவர்? கார் பார்க் பண்ணுறாரோ?"

நான் கேக் பெட்டியை நீட்டினேன். அவள் உள்ளேயிருந்து வந்து, சித்தியைத் தாண்டி, என் கையிலிருந்த கேக் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"கதவைச் சாத்துங்கோ சித்தி" என்றாள். "வரவேண்டிய ஆள் வந்திட்டா."

சித்தியின் கை கதவுப் பிடியில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஆளில்லாத வராந்தாவை இன்னொரு தரம் பார்த்தார். அடுப்பில் எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. பிறகு கதவைச் சாத்தினார். நான் உள்ளே நின்றேன்.