மினாவின் பக்கத்துக் காலி இடம்

ஈசாக்குக்கு நம்பிக்கை போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. மார்ச் மாதத்து ஞாயிறு, சர்ச்சில் பெரிய ஜெபத்தின் நடுவில். இடியும் இல்லை, மின்னலும் இல்லை. கண்ணை மூடி நின்றவனுக்கு, மேலே கேட்பதற்கு ஆள் இல்லை என்று பட்டது. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, சூப்பைக் குடித்து முடித்து, மனைவி மினாவிடம் சொன்னான்.

"காய்ச்சலா?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஸீலாந்து மாகாணத்து வயல்களிலிருந்து தண்ணீரை இறைத்துத் தள்ளும் பம்ப் நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம் மெக்கானிக்காக இருந்தவன் அவன். எந்த மெஷின் நின்றாலும் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவான். இது மட்டும் பிடிபடவில்லை. பொய்யாகப் போய் உட்காரவும் மனசு வராமல், சர்ச்சுக்குப் போவதையே நிறுத்திவிட்டான்.

சர்ச் மூப்பர் மரினுஸ் விசாரிக்க வந்தார். அந்த ஊர் வழக்கப்படி காபி, ஒரு பிஸ்கட். அப்புறம் டப்பா மூடிவிடும். பேச்சு நரகம் வரைக்கும் போனாலும் இரண்டாவது கிடையாது.

"ஈசாக், நம்பாம வந்து உட்கார்றது பாவம். வராம இருக்கிறதும் பாவம்."

"ரெண்டுல எது சின்னது?"

மூப்பர் காபியைக் குடித்து முடித்தார். "கமிட்டியில கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து போனார். இன்று வரை சொல்லவில்லை.

ஆறுதலைத் தேடி ஈசாக் பக்கத்து நகரம் மிடில்பர்கில் நடந்த தியான வகுப்புக்குப் போனான். சம்மணம் போட்ட முட்டி பூட்டிக்கொண்டது; இரண்டு பேர் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு, கடவுள் இல்லாமலே வாழும் மனிதநேயக்காரர்களின் நடைக் குழு. நல்ல மனிதர்கள்தான், ஆனால் பாதி வழியில் நின்று, மனசில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றார்கள். நடுரோட்டில் சட்டையைக் கழற்றச் சொன்னது போல அவனுக்குக் கூசியது. பஸ் பிடித்து வந்துவிட்டான்.

உண்மையில் அவனை வாட்டியது வேறு. பிரசங்கம் மூன்று பாகம். பாகத்துக்கு ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய் வாயில் போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். அவர்கள் பெஞ்சில் அதை எடுத்துக் கொடுப்பது ஈசாக்கின் வேலை. திரும்பிப் பார்க்காமலே நீட்டுவான், பார்க்காமலே மினா வாங்குவாள். இப்போதோ சனிக்கிழமை தோறும் மிட்டாய்ச் சுருளை அவள் கோட்டுப் பையில் வைத்துவிடுகிறான். ஞாயிறு பத்தரைக்கு, வீட்டில் தனியாக இருக்கையில், கை தானாகப் பைக்குள் போகும். உள்ளே ஒன்றும் இருக்காது.

ஜூனில் ஒரு ஞாயிறு, மினா தொப்பியைக் கழற்றாமலே சொன்னாள்: "உன் மிட்டாயை யாரோ எடுக்கிறாங்க."

"என் மிட்டாயா?"

"உன் பங்கை உன் இடத்துல வைக்கிறேன். பிரசங்கம் முடியறப்ப காணோம். எல்லா வாரமும்."

கடவுள் போனபோது சூப் குடித்தவன் இதற்குக் கொதித்துப் போனான். "பின் பெஞ்சு மரினுஸ்தான்! ஒரு பிஸ்கட் பத்தாம அலையற ஆளு!"

மறு ஞாயிறு கறுப்புக் கோட்டு மாட்டி, சுருளைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். ஊரே திரும்பிப் பார்த்தது. முதல் பாகம் தொடங்கியதும் மினாவுக்கு ஒன்று கொடுத்தான். தங்கள் இருவருக்கும் நடுவில் ஒன்றை வைத்தான். மூன்று தடவை திரும்பி மரினுஸை முறைத்தான். ஈசாக் மனம் திரும்பிவிட்டான் என்று மூப்பருக்குக் கண் கலங்கிற்று.

கை ஒன்று மெதுவாக மிட்டாயை நோக்கி நகர்ந்தது. கறுப்புக் கையுறை போட்ட கை. மினா அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"நீயா?"

"எல்லா வாரமும் நான்தான்."

"யாரோன்னு பொய் சொன்னியே! அதுவும் சர்ச்சுக்குப் போறவ!"

"அது எனக்கும் மேல இருக்கிறவருக்கும் உள்ள விவகாரம். உனக்குத்தான் அவரைத் தெரியாதே, நடுவுல நீ ஏன் வர்ற?"

 "வான்னு கூப்பிட்டிருக்கலாமே?" என்றான் ஈசாக்.

"கூப்பிட்டா வருஷம் பூரா யோசிப்ப." மினாவின் குரல் இறங்கியது. "தனியா உட்கார முடியல, ஈசாக்."

"உஷ்!" என்றார் மரினுஸ்.

போதகர் இரண்டாம் பாகத்துக்கு வந்தார். ஈசாக் மனசுக்குள் ஒருமுறை தேடிப் பார்த்தான். கடவுள் திரும்பியிருக்கவில்லை. சுருளிலிருந்து ஒன்றை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே நீட்டினான். பார்க்காமலே வாங்கிக்கொண்டாள் மினா.