கைசார் கதவைத் திறக்காத நாள்

ரவுஷான் இருபத்தேழு வருஷம் சுரங்கத்தின் விளக்கறையில் வேலை பார்த்தவள். கீழே இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கைக் கொடுப்பாள். ஏறி வந்ததும் திரும்ப வாங்கி ஆணியில் மாட்டுவாள். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகமாட்டாள். "உன் புருஷன்கூட உனக்காக இவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டான்" என்று மேஸ்திரிகள் கேலி செய்வார்கள். அது உண்மையாகவே ஆகிப்போயிற்று. ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே தங்கிவிட்டான்.

சுரங்கத்தை மூடிய பிறகு அவளால் சும்மா உட்கார முடியவில்லை. சுரங்க நகரமான கராகண்டாவை ஒட்டிய அந்தக் குடியிருப்பில், பழைய பள்ளிக்கூடச் சமையலறையில் குராலாய் என்பவள் இல்லாதவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். ரவுஷான் அதில் சம்பளமில்லாமல் சேர்ந்துகொண்டாள். நடக்க முடியாதவர்களின் பதினோரு வீடுகளுக்குத் தினமும் மத்தியானம் சூப் தூக்குவாளிகளைப் பனிச்சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துப் போவாள்.

பதினோராவது வீடு கைசாருடையது. நாற்பத்தாறு வயது. சுரங்கக் கூரை சரிந்து முதுகெலும்பு நொறுங்கியதில் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எப்போதோ போய்விட்டாள். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சக்கர நாற்காலியில் இருந்தபடி கதவைப் பாதி மட்டும் திறந்தான்.

"என்னை முடவங்க விடுதிக்கு அனுப்பச் சொன்னீங்களாமே?"

குராலாயிடம் அவள் அப்படிச் சொன்னது உண்மைதான். "உன் நல்லதுக்குத்தான்டா தம்பி. தனியா கெடந்து..."

"என் நல்லதை நான் பாத்துக்கறேன். நாளைக்கு வராதீங்கக்கா. வந்தா சூப்பைப் பனியில கொட்டுவேன். நாய் தின்னுட்டுப் போகட்டும்."

மறுநாள் பனிப்புயல். குராலாய் வாசலில் நின்று தடுத்தாள். "கடைசித் தெருவுக்குப் போகாதே. கைசார்தான் வேணாம்னுட்டானே. காத்து உன்னையே தூக்கிட்டுப் போயிடும்."

"என்னைத் தூக்க அந்தக் காத்துக்கு இன்னும் ரெண்டு ஆள் துணை வேணும்" என்று சொல்லிவிட்டு ரவுஷான் கிளம்பினாள்.

பத்து வீடு முடித்து அவன் கதவைத் தட்டினாள்.

"கைசார்! கோபமெல்லாம் அப்புறம். வாளியை வாங்கிக்க."

சத்தமே இல்லை. வீம்பு பண்ணுகிறான் என்று வாளியைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். பத்தடி போனவள் நின்று பார்த்தாள். மற்ற வீட்டு ஜன்னல்களெல்லாம் பனி பூத்து வெளுத்திருந்தன. அவன் ஜன்னலில் மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அப்படியானால் உள்ளே அடுப்பு மற்ற வீடுகளைவிடச் சூடாக எரிகிறது. ஆனால் புகைபோக்கியிலிருந்து புகை வரவில்லை. புகைபோக்கியின் அடைப்புத் தகட்டை மூடிவிட்டான். நச்சுப் புகை முழுக்க வீட்டுக்குள்.

இந்தக் குளிரில் ஜன்னலை உடைத்தால் இன்றிரவு அந்த வீட்டில் மனிதர் தங்க முடியாது. அவன் வெறும் கோபத்தில் படுத்திருந்தால்? விடுதிக்குத் துரத்தவே உடைத்தாள் என்பான். படிக்கு ஓடிவந்து வாளியைத் தூக்கினாள், இறக்கினாள். மறுபடி தூக்கிக் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். சூப் அவள் மேலெல்லாம் கொட்டியது.

சால்வையை மூக்கில் சுற்றிக்கொண்டு உள்ளே குதித்தாள். அடுப்புப் பக்கத்தில் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. கைசார் தரையில் குப்புறக் கிடந்தான். தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்தாள். அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். இரண்டு முறை அவளுக்கே கண் இருண்டது. வாசற்படிக்குக் கொண்டுவந்து போட்டதும் எதிர்வீட்டு வஸீலைக் கூப்பிட்டாள். காற்று குரலை விழுங்கிவிட்டது. வாளியை எடுத்து இரும்புப் படியில் அடித்தாள், கை மரத்துப்போகும்வரை அடித்தாள்.

ஒருவழியாக வஸீல் ஓடி வந்தான். "உயிர் இருக்கா?"

"இருக்கு. பேசாம டிராக்டரை எடு!"

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் கைசார் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். ரவுஷான் கட்டிலோரம் உட்கார்ந்து நேராகவே கேட்டாள்.

"தகட்டைத் தெரிஞ்சேதான் மூடினியா?"

அவன் திரும்பாமலே சொன்னான். "கரி தீந்துபோச்சுக்கா. கடைசி வாளிக் கரிதான் அது. சூடு வெளிய போயிடக் கூடாதேன்னு கரி அணையறதுக்குள்ள மூடிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"சாப்டியான்னு தெனம் கேட்டீங்க. என்னத்த எரிக்கறேன்னு ஒருநாளாச்சும் கேட்டீங்களா?"

அவன் சொன்னதை ரவுஷான் பாதிதான் நம்பினாள். மீதியைக் கேட்கத் துணிவு வரவில்லை. அன்று சாயங்காலமே குராலாயிடம் போய் விடுதிப் பேச்சு இனி வேண்டாம் என்றாள். வஸீலின் டிராக்டரில் பதினோரு வீட்டுக்கும் கரி மூட்டை போயிற்று.

மார்ச்சில் வீடு திரும்பிய கைசார், முதல் நாளே சூப்பில் உப்பில்லை என்று சண்டைக்கு வந்தான்.

"உப்பு நாளைக்கு வரும். மொதல்ல அடுப்பைக் காட்டு" என்று அவனைத் தாண்டி உள்ளே போனாள் ரவுஷான்.